தரமணியில் ஒரு சனிக்கிழமை!

'ஏ.ஐ. கத்துக்கணும் பாஸ்... ஆனா எங்க போறதுன்னுதான் தெரியல!'

கேன்டீன், பஸ் ஸ்டாப், ஹாஸ்டல் மொட்டை மாடி... எங்கே போனாலும் இந்த டயலாக் காதில் விழுகிறது. ஒரு பக்கம், பத்தாயிரம், ஐம்பதாயிரம் என்று ஃபீஸ் கேட்டு மிரட்டும் கோர்ஸ் விளம்பரங்கள். இன்னொரு பக்கம், 'இனிமே உங்களுக்கெல்லாம் வேலையே கிடையாது, எல்லாத்தையும் மெஷினே பார்த்துக்கும்' என்று பீதியைக் கிளப்பும் பெரியப்பாக்கள். இந்த ரெண்டுக்கும் நடுவில், ஒத்தைப் பைசா வாங்காமல், மார்க் ஷீட் கேட்காமல், 'வாங்க, உட்காருங்க' என்று சொல்கிற இடங்கள் இருக்கின்றன. மீட்-அப்! ஊரில் இருக்கிற ஆர்வக் கோளாறுகள் எல்லாம் மாதம் ஒருமுறை ஒரு ஹாலில் கூடி, தெரிந்ததைச் சொல்லி, தெரியாததைக் கேட்டுக் கலைகிற கூட்டம்.

அப்படி ஒரு கூட்டத்தைத் தேடித்தான் இந்த வாரப் பயணம். ஊட்டி, கொடைக்கானல் எல்லாம் இல்லை மக்களே, தரமணி! பறக்கும் ரயிலில் போனால் செலவு ஒரு டீ விலைகூட ஆகாது.

கால்வாய் ஓரம் ஒரு அறிவுத் தெரு

கடற்கரை ஸ்டேஷனில் ஏறினால் சேப்பாக்கம், மயிலாப்பூர் எல்லாம் தாண்டி ரயில் தெற்கே போகும். கோட்டூர்புரம் வந்தால், 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம் பக்கத்திலேயே இருக்கிறது. போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பாதிப் பேர் அங்கேயே இறங்கிவிடுவார்கள். நாம் இன்னும் கொஞ்ச தூரம் போய், இந்திரா நகரில் இறங்க வேண்டும். இறங்கியதும் முதலில் வரவேற்பது பக்கிங்ஹாம் கால்வாய். மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தால், எதிரே ராஜீவ் காந்தி சாலை. பழைய பேரில் சொன்னால் ஓ.எம்.ஆர். கொஞ்சம் தெற்கே பார்த்தால் டைடல் பார்க். 2000-ல் அது திறந்ததிலிருந்து இந்த ரோட்டுக்குப் பேரே 'ஐ.டி. காரிடார்' ஆகிவிட்டது.

எல்லாரும் அந்தப் பக்கம் கண்ணாடிக் கட்டடத்தையே அண்ணாந்து பார்ப்பார்கள். நாம் ரோட்டைக் கடந்து மேற்கே திரும்புவோம். ஹாரன் சத்தம் சட்டென்று குறைந்து, மரமும் காம்பவுண்டு சுவருமாக ஒரு அமைதியான ஏரியா. நடந்து பாருங்கள். சினிமா சொல்லித்தரும் திரைப்படக் கல்லூரி, பத்திரிகைப் படிப்புக்கு ஒரு கல்லூரி, நெல்லையும் நிலத்தையும் ஆராயும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம், பழைய தமிழ்ப் புத்தகங்களைப் பொன்போலப் பாதுகாக்கும் ரோஜா முத்தையா நூலகம்... எல்லாமே ஒன்றுக்கொன்று நடக்கிற தூரம்தான். இவற்றுக்கு நடுவில்தான் கணித அறிவியல் நிறுவனம். உள்ளூர்ப் பேர், 'மேட்சயின்ஸ்'.

சென்னையில் பைத்தான் எழுதுகிறவர்களின் குழுவான 'சென்னைபை', பல வருடங்கள் மாதத்தின் நாலாவது சனிக்கிழமை மதியம் கூடியது இங்கேதான். டேட்டா சயின்ஸ், மெஷின் லேர்னிங் என்று இன்றைக்குப் பேசுகிற பலர், அந்த வார்த்தைகளை முதன்முதலில் காதில் வாங்கியது இந்த மாதிரி சனிக்கிழமைகளில்தான். இதற்கு முன்னோடியும் பக்கத்திலேயே உண்டு. 1990-களின் கடைசியில் தொடங்கிய சென்னை லினக்ஸ் பயனர் குழு, ஐ.ஐ.டி. வளாகத்தில் இரண்டாவது சனிக்கிழமைகளில் கூடிக்கொண்டிருந்தது. ஆக, 'ரெண்டாவது சனி ஐ.ஐ.டி., நாலாவது சனி தரமணி' என்று காலண்டர் போட்டுச் சுற்றிய ஒரு தலைமுறையே சென்னையில் உண்டு!

மாடி வீட்டு மீட்-அப்

இந்த மேட்சயின்ஸ் கட்டடத்துக்குள் ஒரு மீட்-அப் நடப்பதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. ஏன்னா, இந்த நிறுவனமே ஒரு மீட்-அப்பில் பிறந்ததுதான். நிஜமாகத்தான்!

1950-களின் கடைசி. அல்லாடி ராமகிருஷ்ணன் என்ற இயற்பியல் பேராசிரியர், மயிலாப்பூரில் இருந்த தன் குடும்ப வீட்டில் ஆராய்ச்சி மாணவர்களைக் கூட்டி கருத்தரங்கு நடத்திக்கொண்டிருந்தார். வீட்டின் பேர் 'ஏகாம்ர நிவாஸ்'. பெரிய லேப் கிடையாது, பெரிய பட்ஜெட் கிடையாது. கரும்பலகை, சாக்பீஸ், வெளியூரிலிருந்து வருகிற விஞ்ஞானிகள், கேள்வி கேட்கிற பசங்க. அவ்வளவுதான். 1960 ஜனவரியில் அந்த வீட்டுக்கு வந்து மாணவர்களோடு பேசியவர் யார் தெரியுமா? அணுவின் அமைப்பைச் சொல்லி 1922-ல் நோபல் வாங்கிய நீல்ஸ் போர்! இந்தியாவில் தன்னைக் கவர்ந்த விஷயங்களில் அந்தச் சின்ன மெட்ராஸ் குழுவையும் அவர் சேர்த்துச் சொல்ல, விஷயம் டெல்லி வரை போனது. அப்போது தமிழக அமைச்சராக இருந்த சி.சுப்பிரமணியம் கை கொடுத்தார். 1961-ல் சென்னை வந்த நேரு அந்த மாணவர்களை நேரிலேயே சந்தித்தார். 1962 ஜனவரி 3-ல் கணித அறிவியல் நிறுவனம் பிறந்தது. தொடக்க விழாவுக்கு வந்தவர், பின்னாளில் 1983-ல் நோபல் வாங்கப்போகிற நம்ம ஊர் சுப்பிரமணியன் சந்திரசேகர்.

கடல் தாண்டியும் இதே கதை உண்டு. 1975 மார்ச் 5-ல் அமெரிக்காவின் மென்லோ பார்க்கில், ஒருவர் வீட்டு கார் ஷெட்டில் 32 பேர் கூடினார்கள். 'ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப்'. வீட்டிலேயே கம்ப்யூட்டர் செய்ய முடியுமா என்பதுதான் அவர்கள் பேச்சு. அங்கே போய்வந்த ஸ்டீவ் வோஸ்னியாக், தான் வரைந்த கம்ப்யூட்டரின் சர்க்யூட் படத்தை எல்லாருக்கும் ஓசியிலேயே கொடுத்தார். அந்த கம்ப்யூட்டர்தான் ஆப்பிள்-1.

வீட்டு மாடியோ, கார் ஷெட்டோ... ஃபார்முலா ஒன்றுதான். ஒரு இடம், குறித்த ஒரு நேரம், தவறாமல் வருகிற பத்துப் பேர்.

'சார்' வெளியே, 'அண்ணா' உள்ளே

சரி, உள்ளே போனால் என்ன நடக்கும்? முதல் தடவை போகிறவர்களுக்கு வயிற்றில் பட்டாம்பூச்சி பறக்கும். 'நான் ஆர்ட்ஸ் காலேஜ்... எனக்கு இங்க்லீஷ் அவ்வளவா வராது... எல்லாரும் ஐ.ஐ.டி.யா இருப்பாங்களோ...' கவலையே வேண்டாம். முன் வரிசையில் தாடி வைத்த ஒருவர் ப்ரொஜெக்டர் ஒயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். அவர்தான் இன்றைக்குப் பேசப்போகிறவர். எந்த ஊர் மீட்-அப்பிலும் முதல் பத்து நிமிடம் ப்ரொஜெக்டருக்கும் லேப்டாப்புக்கும் நடக்கும் பஞ்சாயத்துக்கே போய்விடும். அதற்குள் பக்கத்து சீட்டுக்காரர் பேசி ஃப்ரெண்ட் ஆகிவிடுவார்.

காலேஜில் மூச்சுக்கு முப்பது தடவை வருகிற 'சார்', 'மேடம்' இங்கே கேட்காது. 'அண்ணா', 'அக்கா', 'ப்ரோ', 'ஜி'தான். பெரிய கம்பெனியில் பதினைந்து வருடம் வேலை பார்த்தவரும், செகண்ட் இயர் பையனும் ஒரே பெஞ்ச். ஒரு மணி நேரம் பெரிய பேச்சு. அப்புறம் ஐந்து ஐந்து நிமிடமாகக் குட்டிப் பேச்சுகள். இதற்கு யார் வேண்டுமானாலும் கை தூக்கலாம். பேச்சு பாதி தமிழ், பாதி இங்க்லீஷ். 'இந்த மாடல் ஏன் இங்க சொதப்புதுன்னா...' என்று தொடங்கினால் புரியாதவர்கள் யாரு?

கடைசியாக டீ. உண்மையான மீட்-அப் அங்கேதான் ஆரம்பிக்கிறது. மேடையில் எல்லாம் சரியாக ஓடிய கதையைச் சொன்னவர், டீக்கடையில் மூன்று வாரம் எதுவும் ஓடாத கதையைச் சொல்வார். பாடம் அதில்தான்.

ஐரிஸ் பூவும் நிலக்கோட்டை மல்லியும்

டேட்டா சயின்ஸ் படிக்கிற எல்லாருக்கும் முதல் பாடம் ஒரு பூதான். ஐரிஸ். எட்கர் ஆண்டர்சன் என்ற தாவரவியலாளர் அளந்து சேர்த்து, 1936-ல் ரொனால்ட் ஃபிஷர் ஆராய்ச்சிக் கட்டுரையில் பயன்படுத்திய 150 பூக்களின் அளவு. அடுத்த பாடம், டைட்டானிக் கப்பல். 'கேகில்' தளத்தில் பயிற்சிக்குக் கொடுக்கும் பட்டியலில் 891 பயணிகள். யார் பிழைத்தார், யார் பிழைக்கவில்லை என்று கணிக்க வேண்டும். ரெண்டும் நல்ல பாடம்தான், சந்தேகமில்லை. ஆனால் ஒரு ஹாலில் நாற்பது பேர் இருந்தால் நாற்பது பேரின் ப்ராஜெக்ட்டும் டைட்டானிக்காக இருந்தால்? கப்பல் மறுபடி மறுபடி மூழ்கிக்கொண்டே இருக்கும், நமக்குக் கொட்டாவி வந்துகொண்டே இருக்கும்!

அப்படி ஒரு கூட்டத்தில், குட்டிப் பேச்சு நேரத்தில் ஒரு பெண் கை தூக்கினாள். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் இரண்டாம் வருஷம். சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம்.

"எங்க மாமா நிலக்கோட்டை பூ மார்க்கெட்ல கமிஷன் கடை வச்சிருக்காங்க. மூணு வருஷமா தினமும் மல்லிப்பூ விலையை நோட்டுல எழுதி வச்சிருக்காங்க. லீவுல உட்கார்ந்து அதை எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டேன். நாளைக்கு என்ன விலைன்னு கணிக்கப் பார்த்தேன்ணா. முதல்ல பிரமாதமா வந்துச்சு. புது மாசத்து விலையைக் கொடுத்தா மொத்தமா புட்டுக்குது."

ஹாலில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஐரிஸ் பூவை அங்கே யாரும் நேரில் பார்த்ததில்லை. மல்லி? எல்லா வீட்டிலும் மணக்கிற பூ!

பின் வரிசையில் இருந்து ஒரு அண்ணா கேட்டார்: "டேட்டாவை எப்படிப் பிரிச்சீங்க? குலுக்கிப் போட்டா?"

"ஆமாண்ணா, புக்ல அப்படித்தான் இருந்துச்சு."

"அங்கதாம்மா சிக்கல். குலுக்கிப் போட்டா செவ்வாய்க்கிழமை விலையைப் பார்த்துட்டு திங்கட்கிழமை விலையைச் சொல்ற மாதிரி ஆகிடும். கொஸ்டின் பேப்பர் அவுட் ஆன பரீட்சைல நூறு வாங்கினா அது மார்க்கா? முதல் ரெண்டு வருஷத்தைப் படிக்கக் கொடுங்க, மூணாவது வருஷத்தைப் பரீட்சைக்கு ஒளிச்சு வைங்க."

அதற்குள் முன் சீட்டில் இருந்த ஒரு அக்கா எழுந்தார். "அதுல முகூர்த்த நாள் இருக்கா? தேதி மட்டும் கொடுத்தா மெஷினுக்குக் கல்யாண சீசன் எப்படித் தெரியும்?"

பொறி தட்டியது எல்லாருக்கும். ஆடியில் கல்யாணம் இல்லை, அதனால் கிராக்கி குறையும். மார்கழியிலும் கல்யாணம் இல்லைதான். ஆனால் பனியில் மொட்டு கருகி வரத்தே குறைந்துவிடும். தை பிறந்தால் பனியும் இருக்கும், முகூர்த்தமும் சேர்ந்துகொள்ளும். கிலோ ஆயிரக்கணக்கில் எகிறும். இங்க்லீஷ் காலண்டர் தேதியில் இது எதுவுமே கிடையாது. 'பஞ்சாங்கத்தை ஒரு காலமா சேருங்க, பனி விழற நாளுக்குக் குறைஞ்சபட்ச வெப்பநிலையைச் சேருங்க' என்று ஆளாளுக்கு யோசனை சொல்ல, ஐந்து நிமிடப் பேச்சு நாற்பது நிமிடம் ஓடியது.

இதைத்தான் படிப்பில் 'ஃபீச்சர் இன்ஜினீயரிங்' என்கிறார்கள். எந்தத் தகவலைக் கொடுத்தால் மெஷினுக்கு விஷயம் பிடிபடும் என்று யோசிக்கிற கலை. அமெரிக்காவில் உட்கார்ந்து வீடியோ பாடம் எடுப்பவருக்கு அல்காரிதம் தெரியும். நிலக்கோட்டை முகூர்த்தம் தெரியாது. அது தெரிந்தது, மாமாவின் நோட்டைக் கையில் வைத்திருந்த அந்தப் பெண்ணுக்குத்தான்.

'அம்மா'வுக்கு எத்தனை எழுத்து?

மீட்-அப்களில் சூடு பறக்கிற இன்னொரு மேட்டர், தமிழ்.

ஒரு சின்னக் கணக்கு. 'அம்மா' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? அ, ம், மா... மூன்று. ஒண்ணாங்கிளாஸ் குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் கம்ப்யூட்டர் பயன்படுத்துகிற யூனிகோடைக் கேட்டால் ஐந்து என்கும். அ, ம, புள்ளி, ம, கால். சேமித்து வைக்கும்போது வழக்கமான முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ஆக மொத்தம் 15 பைட். அதே சொல்லை இங்க்லீஷ் எழுத்தில் நாலு எழுத்தாக அடித்தால் வெறும் 4 பைட்!

'இதனால என்ன பாஸ்?' என்று கேட்கலாம். இன்றைக்குப் பேசுகிற பெரிய ஏ.ஐ. மாடல்கள் எல்லாம் எழுத்தைத் துண்டு துண்டாக நறுக்கித்தான் படிக்கின்றன. இங்க்லீஷை அதிகம் பார்த்து வளர்ந்த மாடல், இங்க்லீஷ் சொல்லை முழுசாக விழுங்கிவிடும். தமிழ்ச் சொல்லைப் பொடிப்பொடியாக நறுக்கும். துண்டு கூடினால் நேரமும் கூடும், செலவும் கூடும். துண்டுக்கு இவ்வளவு என்று காசு வாங்குகிற சேவைகளில், ஒரே கேள்வியைத் தமிழில் கேட்டால் பில் எகிறும். நம்ம மொழியில் பேசுவதற்கு நாமே எக்ஸ்ட்ரா காசு கொடுக்கிற கதை!

கையெழுத்து இன்னொரு கதை. தமிழ் எழுத்து மொத்தம் 247. ஆனால் ஹெச்.பி. லேப்ஸ் இந்தியா 2000-களில் சேர்த்த தமிழ்க் கையெழுத்துத் தொகுப்பில் இருப்பது 156 வடிவங்கள்தான். எப்படி? 'கொ' என்பதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒற்றைக் கொம்பு, க, கால் என்று மூன்று வடிவம் தெரிந்தால் போதும், மெஷின் கூட்டிக்கொள்ளும். இது தமிழ் எழுதத் தெரிந்தவர்களுக்குத்தான் சட்டென்று புரியும்.

இப்போது அந்தத் தரமணித் தெருவை மறுபடி நினைத்துப் பாருங்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா, வாழ்நாள் முழுக்கத் தேடித் தேடிச் சேர்த்த புத்தகங்கள், பத்திரிகைகள், நோட்டீஸ்கள் எல்லாம், அவர் மறைந்த பிறகு 1994-ல் ஒரு ஆராய்ச்சி நூலகமாக மாறின. மெஷினுக்குச் சோறு போட வேண்டிய தமிழ் ஒரு சந்தில். மெஷினுக்குக் கணக்குச் சொல்லித்தருகிறவர்கள் அடுத்த சந்தில். நடுவே நடக்கிற தூரம்தான். அந்த ரெண்டு சந்துக்கும் நடுவில் நடந்துபோய் வர ஆள்தான் வேண்டும். தமிழ் இலக்கியம் படிக்கிற தோழி, கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிற தோழன்... ரெண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டும்.

ஆப்பிரிக்காவில் இதைச் செய்து காட்டினார்கள். 2017-ல் ஜோகன்னஸ்பர்க்கில் 'டீப் லேர்னிங் இன்டாபா' என்ற சந்திப்பு தொடங்கியது. 'இன்டாபா' என்றால் ஜூலு மொழியில் கூடிப் பேசுவது. அடுத்த வருடமே அதன் குட்டிச் சந்திப்புகள் பல நாடுகளில் முளைத்தன. 2019-ல் 'மசகானே' என்ற குழு, ஆப்பிரிக்க மொழிகளுக்கான மொழிபெயர்ப்பு மாடல்களைக் கூட்டாகச் செய்யக் கிளம்பியது. 'எங்க மொழிக்கு யாராச்சும் செஞ்சு தருவாங்க' என்று அவர்கள் காத்திருக்கவில்லை. மாணவர்களும் ஆசிரியர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் சேர்ந்து செய்தார்கள்.

நம்மூரிலும் வேலை நடக்காமல் இல்லை. தரமணிக்குப் பக்கத்து ஐ.ஐ.டி.யில் 'ஏஐ4பாரத்' குழு இந்திய மொழிகளுக்கான மாடல்களைச் செய்து இலவசமாகவே வெளியிடுகிறது. ஆனால் நெல்லையில் ஒரு மாதிரி, கோவையில் ஒரு மாதிரி, நாகர்கோவிலில் இன்னொரு மாதிரி பேசுகிற தமிழை எல்லாம் ஒரே ஆபீஸில் உட்கார்ந்து சேர்க்க முடியுமா? நியூஸ் வாசிக்கிற தமிழை மட்டுமே கேட்டு வளர்ந்த மாடல், உங்க பாட்டி பேசினால் பேந்தப் பேந்த முழிக்கும். அந்தப் பேச்சை ரெக்கார்ட் பண்ண வேண்டியது பாட்டி பக்கத்தில் இருக்கிற நீங்கதானே?

மழை வந்தபோது...

இதெல்லாம் பொழுதுபோக்கு என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு ஃப்ளாஷ்பேக். 2015 டிசம்பர். சென்னையே தண்ணீரில். எந்தத் தெருவில் போகலாம், எந்தத் தெரு மூழ்கிவிட்டது என்று யாருக்கும் தெரியவில்லை. அப்போது 'ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்' ஆர்வலர்கள் ஒரு வரைபடத்தைத் திறந்துவிட்டார்கள். உங்க தெருவில் தண்ணி நின்றால் அந்தக் கோட்டின் மேல் தட்டுங்கள், அது நிறம் மாறும். ஆயிரக்கணக்கான தெருக்களை ஜனங்களே குறித்தார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். தெருப் பெயர்களும் கோடுகளும் அதற்கு முன்னாலேயே பல வருடமாக யாரோ சும்மா உட்கார்ந்து வரைந்து வைத்தவை. ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி, 'எங்க ஏரியா சந்தைக் காணோமே' என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தவர்களின் வேலை. வெள்ளம் வந்த பிறகு உட்கார்ந்து வரைந்திருக்க முடியாது. கூட்டம் போடுகிற பழக்கம் முன்பே இருந்ததால்தான், ஆபத்து நேரத்தில் கை கொடுக்க ஆள் இருந்தது.

எல்லாம் சர்க்கரை இல்லை!

மீட்-அப் என்ற பெயரில் நடப்பது எல்லாம் மீட்-அப் இல்லை பாஸ். முதல் பத்து நிமிடம் ஏ.ஐ., மீதி ஐம்பது நிமிடம் 'எங்க கோர்ஸ்ல இன்னிக்கே சேர்ந்தா பாதி விலை' என்று ஓடினால், பையை எடுத்துக்கொண்டு நைஸாக நழுவிவிடுங்கள். ஸ்டிக்கர், டி-ஷர்ட், பீட்சா மூன்றையும் வாங்கிக்கொண்டு காணாமல் போகிற கோஷ்டியும் உண்டு. நூறு பேர் பேர் கொடுத்துவிட்டு, வாங்கி வைத்த சமோசா பாதி மீந்துபோகிற அளவுக்கே ஆள் வருகிற நாட்களும் உண்டு.

இதைவிடப் பெரிய கேள்வி, யாரெல்லாம் வர முடிகிறது என்பது. சாயங்காலம் ஏழு மணிக்குக் கூட்டம் என்றால், ஆறரைக்கு கேட் மூடுகிற லேடீஸ் ஹாஸ்டலில் இருக்கிறவர்கள் எப்படி வருவார்கள்? மூன்று பஸ் மாறி வருகிற பையன் கடைசி பஸ்ஸை எப்படிப் பிடிப்பான்? வேண்டுமென்று யாரும் தடுக்கவில்லை. ஆனால் நேரமே தடுத்துவிடுகிறது. மதியம் மூணு மணிக்குத் தொடங்கி, வெளிச்சம் இருக்கும்போதே முடிக்கிற கூட்டத்தில் பெண்கள் கை தூக்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அந்த மல்லிப்பூ நோட்டு ஹாலுக்குள் வந்ததற்குக் காரணம், கூட்டம் பகலில் நடந்ததுதான்.

2020-ல் கொரோனா வந்தபோது எல்லாக் கூட்டமும் திரைக்குப் போனது. தூரத்து ஊர்ப் பசங்க வீட்டிலிருந்தே கலந்துகொண்டது லாபம். ஆனால் டீக்கடைப் பேச்சு போனது நஷ்டம். மைக்கை ம்யூட் பண்ணிவிட்டு உட்கார்ந்தால் பக்கத்து சீட்டு ஃப்ரெண்ட் எங்கிருந்து வருவார்?

உங்க ஊரில் இல்லையா?

'நான் சென்னையே இல்லையே' என்று உதட்டைப் பிதுக்க வேண்டாம். காஞ்சிபுரத்திலும் விழுப்புரத்திலும் லினக்ஸ் பயனர் குழுக்களை உள்ளூர் இளைஞர்களே உருவாக்கிக் காட்டியிருக்கிறார்கள். பெரிய நகரத்தின் ஏ.சி. ஹால் எதுவும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. உங்க ஊரிலும் தொடங்கலாம். நாலே நாலு விஷயம்:

* நாளை மாத்தாதீங்க: 'மாதத்தின் முதல் ஞாயிறு, காலை பத்து மணி' என்றால் மழையோ வெயிலோ அதே நாள்தான். மூணு பேர் வந்தாலும் நடத்துங்க. ஒரு தடவை தள்ளிப்போட்டால் அடுத்த தடவை யாருமே வரமாட்டார்கள்.

* இடம் ஓசி: காலேஜ் லேப், ஊர் நூலகம், ஸ்கூல் வகுப்பறை... கேட்டால் கொடுப்பார்கள். பொண்ணுங்களும் வந்துபோகிற இடமா, பகல் நேரமா என்று பார்த்துக்கோங்க.

* உங்க ஊர் டேட்டா: ரேஷன் கடை வரிசை, ஏரி நீர்மட்டம், டவுன் பஸ் வருகிற நேரம், உழவர் சந்தை விலைப் பலகை. ஒரு மாதம் நோட்டில் எழுதினாலே அது டேட்டாதான். ஒரே எச்சரிக்கை, ஆட்களின் பேர், போன் நம்பர் எதையும் சேர்க்காதீங்க. அவர்களைக் கேட்காமல் எடுக்கிற தகவல், திருட்டுக்குச் சமம்.

* எல்லாரையும் பேச வைங்க: மூன்றாவது தடவை வருகிற ஒவ்வொருவரும் ஐந்து நிமிடம் பேசியே ஆகணும் என்று ரூல் போடுங்க. தமிழிலேயே பேசலாம். 'இது எனக்குப் புரியல' என்பதுகூட நல்ல தலைப்புதான்!

சென்னைக்காரர்கள் கிளம்புவதற்கு முன்னால் அந்த மாத அறிவிப்பை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இடமும் நேரமும் அவ்வப்போது மாறும். கையில் ஒரு நோட்டு, காலேஜ் அடையாள அட்டை, தண்ணி பாட்டில், முடிந்தால் உங்க ஊர்க் கணக்கு ஒன்று. போதும்.

கூட்டம் முடிந்ததும் ஒரு காட்சி தவறாமல் நடக்கும். எல்லாரும் டீக்கு நகர்ந்த பிறகு, ரெண்டு மூணு பேர் மட்டும் பின்னால் நின்று நாற்காலிகளைப் பழையபடி வரிசையில் வைத்து, போர்டை அழித்து, ஃபேனை நிறுத்தி, சாவியை வாட்ச்மேன் கையில் கொடுப்பார்கள். மேடையில் அவர்கள் பேர் வராது. போட்டோவிலும் இருக்கமாட்டார்கள். ஆனால் அடுத்த மாதமும் அந்த ஹால் கிடைப்பது அவர்களால்தான். எல்லா ஊரிலும் அந்த வேலைக்கு ஒரு ஆள் குறைச்சலாகவே இருக்கிறது.

போறப்ப மறக்காம ஒரு கை கொடுங்க!